பெயரின் மேல் விழுந்த பழி

கதை சொன்னவர்களின் வரலாறு ஏடுகளில் நிறைந்து கிடக்கிறது. கதை கேட்டவர்களின் வரலாறோ எழுதப்படுவது அரிது. அதிலும், தொலைக்காட்சியில் வாரந்தோறும் வந்து போகும் துப்பாக்கிக் கதைகளைக் கண்டவர்கள் அவற்றைப் பற்றி என்ன எண்ணினார்கள் என்பதை எவரும் பொருட்படுத்துவதில்லை. வெறும் பொழுதுபோக்கு என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறோம். ஆயினும், அத்தகைய மலிவான கதைத்தொடர் ஒன்றைப் பற்றி நேயர்கள் கொண்ட கருத்து ஒரு பெரும் வணிக நிறுவனத்தைப் பின்வாங்கச் செய்ததும், ஒரு சமுதாயத்தின் தன்மானம் பற்றிய வழக்காக வளர்ந்ததும், 20-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் நடந்த உண்மை நிகழ்ச்சிகள். அவ்வரலாறு நமக்கும் சில பாடங்களை வைத்திருக்கிறது.

அத்தொடரின் பெயர் 'தி அன்டச்சபிள்ஸ்'. நம் நாட்டில் அச்சொல்லுக்குள்ள வேதனையான பொருள் அங்கே இல்லை. கையூட்டு தீண்ட முடியாதவர்கள் என்பதே அங்குக் கொண்ட பொருள். 1959 அக்டோபரிலிருந்து 1963 மே வரை ஏ.பி.சி. ஒளிபரப்பு நிறுவனம் அதனை வழங்கிற்று. நகைச்சுவை நடிகை லூசில் பாலும், அவர்தம் கணவர் டெஸி ஆர்னாஸும் நிறுவிய டெசிலு நிறுவனம் அதனைத் தயாரித்தது. நான்கு பருவங்களில் 118 கதைகள் வெளிவந்தன.

கதையும் மெய்யும்

1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்குச் சட்டம் நடப்பிலிருந்தது. மதுவைத் தீமையென்று சட்டம் சொன்னது. மக்களின் உள்ளம் அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. உள்ளம் ஏற்காத சட்டத்தின் இடுக்குகளில் கள்ள வாணிபம் செழித்தது. சிக்காகோ நகரில் அவ்வாணிபத்தின் முடிசூடா மன்னனாக விளங்கியவன் அல் கபோன். மதுவிலக்குத் துறையின் இளம் அதிகாரியாகிய எலியட் நெஸ், விலைபோகாத சிலரைத் தேர்ந்தெடுத்து ஒரு சிறு குழு அமைத்து, கபோனின் சாராய ஆலைகளைத் தேடித் தேடி உடைத்தார். பல ஆண்டுகளுக்குப் பின், ஆஸ்கர் ஃப்ரேலி என்னும் பத்திரிகையாளரோடு சேர்ந்து தம் நினைவுகளை நூலாக்கினார். அந்நூல் 1957-இல் வெளிவந்தது. நெஸ் அதனைக் காணவில்லை. அவ்வாண்டு மே மாதமே காலமாகிவிட்டார்.

நூலிலேயே மிகைப்படுத்தல் உண்டு. தொலைக்காட்சித் தொடரோ அந்த மிகையையும் மிஞ்சிற்று. கபோனைச் சிறைக்கு அனுப்பியது நெஸ்ஸின் துப்பாக்கி அன்று, கணக்கர்களின் பேனா. வருமானவரி ஏய்ப்புக் குற்றத்திற்காக 1931 அக்டோபரில் அவனுக்கு 11 ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. நெஸ் திரட்டித் தந்த மதுவிலக்குக் குற்றச்சாட்டுகள் விசாரணைக்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை. ஆனால், பேரேட்டைப் புரட்டும் கணக்கரைக் காட்டினால் எந்த நேயர் கண்ணிமைக்காமல் உட்கார்ந்திருப்பார்? எனவே கபோன் சிறை சென்ற பிறகும் தொடரின் துப்பாக்கிகள் ஓயவில்லை. நெஸ் தம் வாழ்நாளில் சந்தித்தேயிராத கொள்ளையரையெல்லாம் திரையில் அவர் வேட்டையாடினார். பிராங்க் நிட்டி என்பவன் முதற் பருவத்திலேயே ரயிலடியில் விழுந்து மாண்டான். அடுத்தடுத்த பருவங்களில் நலமாக நடமாடினான். மெய்யான நிட்டி 1943-இல் தன்னைத் தானே சுட்டுக்கொண்டு இறந்தவன்.

கறுப்பு வெள்ளைத் திரை, மழை நனைத்த தெரு, சீறிப் பாயும் மோட்டார் வண்டிகள், இயந்திரத் துப்பாக்கியின் ஓயாத ஓசை, வால்டர் வின்செல் என்னும் வானொலிச் செய்தியாளரின் படபடக்கும் குரல், ஒருபோதும் புன்னகைக்காத ராபர்ட் ஸ்டாக்கின் முகம் — இவையே தொடரின் சரக்கு. வின்செல்லின் குரல் இதில் முக்கியமானது. செய்தி வாசித்துப் பழகிய குரல், நாளும் நேரமும் குறிப்பிட்டுக் கதையைச் சொல்லும்போது, கற்பனையும் செய்தியின் உடையை அணிந்துகொள்கிறது. இது கதை என்று காண்போர் அறிவர். ஆயினும் இது நடந்தது என்ற எண்ணமும் அவர்களின் உள்ளத்தில் தங்கிவிடும். இந்த இரட்டைத் தன்மையே பின்னர் எழுந்த வழக்குகளுக்கெல்லாம் வித்து.

விரும்பியவர்கள்

தொடரை விரும்பியவர்கள் இலட்சக்கணக்கானவர்கள். இரண்டாம் பருவத்தில் அது நாட்டின் முதற்பத்துத் தொடர்களுள் ஒன்றாக நின்றது. ராபர்ட் ஸ்டாக்குக்கு 1960-இல் எம்மி விருது கிடைத்தது. விரும்பியதற்குக் காரணம் இல்லாமலில்லை. நல்லவன் யார், தீயவன் யார் என்ற மயக்கம் அங்கே கிடையாது. ஒரு மணி நேரத்திற்குள் தீமை தண்டிக்கப்பட்டுவிடும். அலுவலகத்தில் மேலதிகாரியின் அநீதியையும் நகராட்சியில் கையூட்டையும் நாள்தோறும் கண்டு வாயடைத்துப் போன ஒருவனுக்கு, விலைக்கு வாங்க முடியாத அதிகாரி ஒருவர் உண்டு என்று காண்பதே ஆறுதல். மலிவான கலையாயினும், அது நீதியின் மீதுள்ள தாகத்தைத்தான் விற்றது. இதனை நாம் ஒப்புக்கொள்ளல் வேண்டும். இல்லையேல் மக்கள் ஏன் பார்த்தார்கள் என்பது விளங்காது.

முறையிட்டவர்கள்

முதலில் முறையிட்டோர் அரசுத் துறையினரே. மா பார்க்கர் என்னும் கொள்ளைக் கூட்டத்துத் தாயை நெஸ் வீழ்த்தியதாகத் தொடர் காட்டிற்று. 1935-இல் ஃபுளோரிடாவில் அவளோடு போரிட்டவர்கள் எஃப்.பி.ஐ. துறையினர், நெஸ்ஸுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. தம் புகழ் பிறர்க்குச் செல்வதை அத்துறை பொறுக்கவில்லை. 1961 ஜனவரியில் ஒளிபரப்பான கதை, கபோனை அல்கட்ராஸ் சிறைக்குக் கொண்டுசெல்லும் பயணத்தில் சிறைக்காவலர்கள் விலைபோனதாகக் காட்டிற்று. நாட்டின் சிறைத்துறைத் தலைவர் ஜேம்ஸ் பென்னெட் சீற்றமடைந்து, ஒளிபரப்பு உரிமங்களை வழங்கும் ஆணையத்திடமே முறையிட்டார்.

கபோனின் மனைவியும் மகனும் குடும்பத்தாரோடு நீதிமன்றம் சென்றனர். இறந்தவர் ஒருவரின் பெயரையும் வாழ்வையும் கேட்காமல் விற்பனைக்கு வைப்பது முறையா என்பது அவர்களின் கேள்வி. இறந்தவரின் அந்தரங்க உரிமை அவரோடு முடிந்துவிடுகிறது என்று கூறி நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளிற்று; மேல்முறையீட்டிலும் 1965-இல் அதுவே தீர்ப்பாயிற்று. குற்றவாளியின் மனைவி மக்களுக்கும் மானம் உண்டு என்பதைச் சட்டம் அளக்க முடியவில்லை.

துறைக்கு அலுவலகம் உண்டு. குடும்பத்துக்கு வழக்கறிஞர் உண்டு. ஒரு சமுதாயம் முழுவதும் இழிவுபடுத்தப்பட்டால் அது எங்கே சென்று முறையிடும்? இங்கேதான் இத்தாலிய அமெரிக்கரின் கதை தொடங்குகிறது.

ஒரு சொல்லின் நிழல்

1880-க்கும் 1920-க்கும் இடையே நாற்பது இலட்சம் அளவிலான இத்தாலியர் அமெரிக்கக் கரையில் வந்திறங்கினர். பெரும்பாலோர் தென் இத்தாலியின் ஏழை உழவர். சுரங்கம் வெட்டினர், இருப்புப்பாதை போட்டனர், கல் சுமந்தனர். அவர்கள் இறங்குவதற்கு முன்பே 'மாஃபியா' என்னும் சொல் அவர்களுக்காகக் கரையில் காத்திருந்தது. 1890-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரக் காவல்துறைத் தலைவர் டேவிட் ஹென்னெஸ்ஸி கொல்லப்பட்டார். குற்றஞ்சாட்டப்பட்ட இத்தாலியரில் எவர்மீதும் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும் 1891 மார்ச் 14 அன்று ஒரு பெருங்கூட்டம் சிறையை உடைத்துப் புகுந்து 11 இத்தாலியரைக் கொன்றது. பெயரின் மேல் விழுந்த பழி உயிரையும் வாங்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இரண்டாம் உலகப் போரில், குடியுரிமை பெறாத ஆறு இலட்சம் இத்தாலியர் பகை நாட்டினர் என்று பதியப்பட்டுக் கட்டுப்பாடுகளுக்கு ஆளாயினர். 1942 அக்டோபரில்தான் அந்நிலை நீங்கிற்று. அதே வேளையில் அவர்களின் பிள்ளைகள் அமெரிக்கச் சீருடையில் போர்க்களத்தில் நின்றனர்.

அச்சமுதாயம் பாங்க் ஆஃப் அமெரிக்காவை வளர்த்த ஜியானினியைத் தந்தது. 1934 முதல் 1945 வரை நியூயார்க் மேயராக இருந்த லாகார்டியாவைத் தந்தது. அணு ஆய்வில் ஈடிணையற்ற ஃபெர்மி அங்கே குடியேறினார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஜோ பெட்ரோசினோ என்னும் காவல் அதிகாரியைத் தந்தது. இத்தாலியில் பிறந்து நியூயார்க் காவல்துறையில் உயர்ந்த அவர், தம் மக்களையே மிரட்டிப் பணம் பறித்த 'கருங்கை'க் கூட்டத்தை வேரறுக்கப் பாடுபட்டார். அக்கூட்டத்தாரின் பழைய குற்றப் பதிவுகளைத் தேடி சிசிலித் தீவுக்குச் சென்றவிடத்தில், 1909 மார்ச் 12 அன்று பலெர்மோ நகரில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் கதை 1960-இல் ஒரு திரைப்படமாகவும் வந்தது. ஆயினும், வாரந்தோறும் வீட்டுக்குள் வந்து நின்ற முகம் பெட்ரோசினோவின் முகமன்று, நிட்டியின் முகமே.

தொடரின் மீது இத்தாலிய அமெரிக்கர் சொன்ன குறை இதுதான்: கபோனும் நிட்டியும் வரலாற்றில் வாழ்ந்தவர்கள், அவர்களை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் கதையாசிரியர் தாமாகப் படைக்கும் கயவர்களுக்கும் ஏன் எங்கள் பெயர்களையே சூட்டுகிறீர்கள்? சிக்காகோவின் கள்ளச் சாராய உலகில் ஐரிஷ்காரனான ஓபானியன் இருந்தான். நியூயார்க்கில் டச் ஷுல்ட்ஸ் என்று பெயர் பூண்ட யூதன் இருந்தான். கபோனேகூட இத்தாலியில் பிறந்தவனல்லன். 1899-இல் புரூக்ளினில் பிறந்து அமெரிக்கத் தெருவில் வளர்ந்தவன். அவனுடைய குற்றத்தை மட்டும் கடல் கடந்து ஏற்றுமதி செய்வானேன்?

இக்கேள்வியில் நியாயம் இருந்தது. கேட்டவர்களுக்குத்தான் கதவு திறக்கவில்லை.

மூன்று நிபந்தனைகள்

அக்காலத்தில் ஒரு தொடரின் உயிர்நாடி அதற்கு விளம்பரம் தரும் வணிகரின் பையில் இருந்தது. இத்தொடரின் முதன்மை விளம்பரதாரர் லிக்கெட் அண்டு மையர்ஸ் என்னும் சிகரெட் நிறுவனம். செஸ்டர்ஃபீல்ட், எல் அண்டு எம் ஆகியவை அதன் சரக்குகள். நியூயார்க்கைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் ஆல்ஃபிரட் சாண்டாஞ்சலோ முன்னின்று, அச்சிகரெட்டுகளை வாங்காதீர் என்று இத்தாலிய அமெரிக்கரை அழைத்தார். 1961 மார்ச்சில் ஏ.பி.சி. நிறுவனத்தின் வாயிலில் மறியல் நடந்தது. துறைமுகத் தொழிலாளர் சங்கத் தலைவர் அந்தோணி அனஸ்டாசியோவும் போராட்டத்திற்குத் தோள் கொடுத்தார். சரக்கை நாங்கள் கையால் தொடமாட்டோம் என்ற எச்சரிக்கை புகையிலை நிறுவனத்தின் காதுக்கு எட்டிற்று.

அம்மாத நடுவிலேயே நிறுவனம் தொடருக்குரிய விளம்பரத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. எவர் மிரட்டலுக்கும் பணியவில்லை என்றும் சொல்லிக்கொண்டது. அடுத்த சில நாள்களில் டெஸி ஆர்னாஸும் ஒளிபரப்பு நிறுவனமும் இத்தாலிய அமெரிக்கச் சங்கத்தாரோடு கூடி ஓர் உடன்பாட்டை வெளியிட்டனர். கற்பனைக் கயவர்களுக்கு இனி இத்தாலியப் பெயர் சூட்டப்படாது. நெஸ்ஸின் குழுவில் வரும் ரோஸி என்னும் இத்தாலியப் பாத்திரத்துக்குக் கூடுதல் இடம் தரப்படும். குற்றத்தை ஒடுக்குவதில் இத்தாலிய அமெரிக்க அதிகாரிகள் ஆற்றிய பங்கும், நாட்டின் பண்பாட்டுக்கு அச்சமுதாயம் அளித்த கொடையும் எடுத்துக்காட்டப்படும் — இவையே மூன்று நிபந்தனைகள்.

நேயர் கருத்து ஒன்று இவ்வளவு விரைவில், இவ்வளவு தெளிவான பயனைத் தந்தது அரிது. அதனைக் கண்டு மகிழ்ந்தோர் பலர். கலங்கியோரும் உண்டு. பெட்டிக்கடையில் நடக்கும் பேரம் ஒரு கதையாசிரியனின் பேனாவைத் திருப்பலாமா? இன்று ஒரு சங்கம் பெயர் மாற்றச் சொல்லும். நாளை மற்றொரு சங்கம் உண்மையையே மாற்றச் சொல்லும். பின் எவரைத்தான் கதையில் வைப்பது? இக்கேள்வியையும் நாம் தள்ளிவிட முடியாது. ஆனால், மறியல் செய்தோர் வரலாற்றை மறைக்கச் சொல்லவில்லை. கற்பனைக்கு மட்டுமே வரம்பு கேட்டனர் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். நடந்ததை நடந்தவாறு சொல்வது ஒன்று. நடவாததையும் ஒரே கூட்டத்தார் தலையில் கட்டுவது வேறொன்று. இவ்விரண்டின் எல்லையில்தான் நீதி நிற்கிறது.

உள்ளே இருந்த முள்

இவ்வரலாற்றில் எவரும் விரும்பாத பக்கம் ஒன்று உண்டு. மறியலுக்குத் தோள் கொடுத்த அந்தோணி அனஸ்டாசியோ யார்? கொலையையே தொழிலாகக் கொண்ட கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, 1957 அக்டோபரில் நியூயார்க் முடிதிருத்தகம் ஒன்றில் சுட்டுக்கொல்லப்பட்ட ஆல்பர்ட் அனஸ்டாசியாவின் உடன்பிறந்தவர். புரூக்ளின் துறைமுகத்தில் அவர் செல்வாக்குக்கு அந்த உறவும் ஒரு வேர். எங்களைக் கயவர் என்று காட்டாதீர் என்ற நியாயமான குரலோடு, அக்குரலைப் பொய்யாக்கும் கையும் சேர்ந்து உயர்ந்தது.

ஒன்பது ஆண்டுகளில் இது இன்னும் பெரிதாக நிகழ்ந்தது. 1970-இல் இத்தாலிய அமெரிக்கர் குடியுரிமைச் சங்கம் என்ற அமைப்பை ஜோசப் கொலம்போ தொடங்கினார். பல்லாயிரவர் திரண்டனர். அவ்வாண்டே நாட்டின் சட்டத்துறைத் தலைவர் மாஃபியா என்னும் சொல்லை அரசு அறிக்கைகளில் தவிர்க்குமாறு பணித்தார். 1972-இல் வந்த 'காட்ஃபாதர்' படத்தின் தயாரிப்பாளரும் அச்சொல்லை உரையாடலிலிருந்து நீக்க இசைந்தார். ஆனால் கொலம்போவோ நியூயார்க்கின் ஐந்து குற்றக் குடும்பங்களுள் ஒன்றின் தலைவர். 1971 ஜூன் 28 அன்று, தாம் கூட்டிய பேரணியிலேயே அவர் சுடப்பட்டார். உடல் முடங்கிக் கிடந்து 1978-இல் மாண்டார். சொல் அகன்றது, சொல் குறித்த பொருள் அகலவில்லை.

அப்பேரணிக்கு வந்த எளிய மக்களை நாம் குறை கூறுவதற்கில்லை. அவர்கள் கேட்டது தங்கள் பிள்ளைகளின் மானத்தை. ஆனால் மானத்தைக் காக்க யாரை முன்னிறுத்துகிறோம் என்பதை ஒரு சமுதாயம் ஆராயவில்லையாயின், அதன் நியாயமே அதற்கு எதிராகச் சாட்சி சொல்லும். பெட்ரோசினோவை முன்னிறுத்தி நின்ற குரலுக்கும், கொலம்போவின் பின்னே நின்ற குரலுக்கும் சொல் ஒன்றுதான், எடை ஒன்றன்று.

எண்ணப்பட்ட இரத்தம்

நேயர்களின் இரண்டாவது குறை வன்செயலைப் பற்றியது. 1961 மே 9 அன்று ஒளிபரப்பு ஆணையத்தின் தலைவர் நியூட்டன் மினோ, ஒளிபரப்பாளர் பேரவையிலேயே நின்று, தொலைக்காட்சியை ஒரு பரந்த பாழ்நிலம் என்று கண்டித்தார். அடுத்த மாதம் செனட்டர் தாமஸ் டாட் தலைமையில் இளையோர் குற்றங்களை ஆராயும் செனட் துணைக்குழு விசாரணை தொடங்கிற்று. தயாரிப்பு அலுவலகங்களின் குறிப்புகள் அங்கே வெளிப்பட்டன. மோட்டார் வண்டியை ஏற்றிக் கொல்லும் உத்தியை மூன்று கதைகளில் கையாண்டுவிட்டோம். கொடுமை வேண்டியதுதான், ஆனால் வேறு வழி காணுங்கள் என்னும் கருத்துப்படத் தயாரிப்பாளர் குவின் மார்ட்டின் எழுதிய குறிப்பு, கலையின் சமையலறையை நாட்டுக்குத் திறந்து காட்டிற்று. கதைக்குத் தேவையான கொலையன்று. கொலைக்குத் தேவையான கதை!

1970-களில் பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் நகரந்தோறும் கூடி முறையீடு கேட்டன. 1977-இல் மயாமியில் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட 15 வயதுச் சிறுவனுக்காக வழக்காடியவர், தொலைக்காட்சியே அவன் அறிவை மயக்கிற்று என்று வாதிட்டார். 'கோஜாக்' என்னும் துப்பறியும் தொடரையும் வழக்கில் இழுத்தார். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. குற்றம் செய்தவனின் பொறுப்பு குற்றம் செய்தவனுடையதே என்று தீர்ந்தது.

முறையீடுகளின் பயன் என்ன? வன்செயல் நின்றுவிடவில்லை, இரத்தம் மட்டும் நின்றது. 1983 முதல் 1987 வரை என்.பி.சி. வழங்கிய 'ஏ டீம்' என்னும் தொடரில் ஆயிரமாயிரம் குண்டுகள் பறந்தன. வண்டிகள் தலைகுப்புறக் கவிழ்ந்தன. உள்ளே இருந்தவர்களோ பெரும்பாலும் தூசி தட்டிக்கொண்டு எழுந்து நடந்தனர். எவரும் சாகாததால் குழந்தைகளுக்குத் தீங்கில்லை என்றனர் சிலர். நாம் சிந்தித்துப் பார்த்தால் தீங்கு அங்கேதான் கூடுகிறது. துப்பாக்கி வெடித்தால் ஒரு தாய் அழுவாள் என்பதையேனும் பழைய தொடர் மறைக்கவில்லை. புதிய தொடரோ வெடியை வைத்துக்கொண்டு அழுகையை நீக்கிவிட்டது. எண்ணிக்கைக்கு அஞ்சியவர்கள் எண்ணிக்கையைக் குறைத்தார்கள், மனச்சான்றைக் கூட்டவில்லை.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜார்ஜ் கெர்ப்னர் பல்லாண்டுகள் ஆராய்ந்து கூறிய கருத்து இங்கே நினைக்கத்தக்கது. குற்றக் கதைகளை மிகுதியாகப் பார்ப்போர் எல்லாரும் குற்றவாளியாவதில்லை. அவர்கள் அச்சம் மிக்கவராகிறார்கள். உலகம் உள்ளதைவிடக் கொடியது, அயலவன் நம்பத்தகாதவன் என்ற எண்ணம் அவர்களுள் படிகிறது என்றார். அந்த அயலவனுக்குத் திரை எந்த முகத்தைத் தருகிறதோ, அம்முகத்தின் மீதே அச்சம் இறங்குகிறது. வன்செயல் பற்றிய குறையும் பெயர் பற்றிய குறையும் இரண்டல்ல. ஒன்றே என்பது இதனால் தெளிவாகும்.

முகம் மாறியது

இத்தாலியர் மீதிருந்த அந்த நிழல் பிற்காலத்தில் எங்கே நகர்ந்தது என்பது நம் வாசகர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. லெபனான் கிறிஸ்தவப் பெற்றோர்க்குப் பிறந்த அமெரிக்கப் பேராசிரியர் ஜாக் ஷாஹீன், தொலைக்காட்சியில் அரபியர் எவ்வாறு காட்டப்படுகின்றனர் என்பதைப் பல பருவங்கள் அமர்ந்து பார்த்து, 1984-இல் ஒரு நூலாக வெளியிட்டார். துப்பறியும் தொடர்களிலும் சிறுவர் சித்திரங்களிலும் அரபியன் என்றால் எண்ணெய்ச் செல்வன், பெண்பித்தன், குண்டு வைப்பவன் என்ற மூன்று முகமூடிகளே திரும்பத் திரும்ப வந்ததை எடுத்துக்காட்டினார். குறை சொன்னதோடு நில்லாமல், அக்கதைகளை எழுதியோரையும் தயாரித்தோரையும் நேரிற் கண்டு காரணம் வினவினார். அதுவே அவர் நூலின் சிறப்பு. 2001-இல் 900-க்கு மேற்பட்ட திரைப்படங்களை ஆராய்ந்து மற்றொரு பெருநூல் தந்தார். 2017-இல் அவர் மறையும்வரை இப்பணி நிற்கவில்லை. நம் மார்க்கத்தவரல்லாத ஒருவர் நம் மானத்துக்காகவும் உழைத்தார் என்பதை நன்றியோடு எண்ணிப் பார்த்தல் தகும்.

2005 ஜனவரியில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் '24' என்னும் அதிரடித் தொடர், லாஸ் ஏஞ்சலஸ் நகரில் அண்டை வீட்டாராக வாழும் முஸ்லிம் குடும்பம் ஒன்றைப் பயங்கரவாதக் கூட்டமாகக் காட்டிற்று. தந்தை, தாய், பள்ளி செல்லும் மகன் மூவரும் அதில் உடன்பட்டவர். அமெரிக்க இஸ்லாமிய உறவுகள் மன்றத்தார் நிறுவனத்தைக் கண்டு பேசினர். விளைவாக, கதாநாயகன் கீஃபர் சதர்லண்ட் திரையில் தோன்றி, அமெரிக்க முஸ்லிம்கள் பயங்கரவாதத்தைக் கண்டிப்பதில் மற்றவரோடு ஒன்றி நிற்பவர்கள் என்னும் கருத்தை அடுத்த மாதம் அறிவித்தார்.

1961-ஐயும் 2005-ஐயும் அருகருகே வைத்துப் பார்ப்போம். முன்னையது கதைக்குள் மாற்றம் கேட்டது. பின்னையது கதைக்கு வெளியே ஓர் அறிவிப்பைப் பெற்றது. அறிவிப்பு அரை நிமிடம். கதை வாரம் ஒரு மணி. ஒரு குடும்பமே வஞ்சகமாக உணவு மேசையில் அமர்ந்திருந்த காட்சியை மறவாத நேயர், நடிகரின் அறிவுரையை எத்துணை நாள் நினைவிற் கொள்வார்? மருந்து புண்ணின் மேல் படவில்லை. புண்ணுக்குப் பக்கத்தில் தடவப்பட்டது. ஆயினும், பூட்டிய கதவைத் தட்டி உரையாடலால் திறந்தனர் என்பதும் சிறிய செயலன்று.

நம் வீட்டுத் தீர்ப்பு

இவ்வரலாற்றை நாம் படிப்பது பிறர் மீது குறை கூறுவதற்காக மட்டுமன்று. நம் இல்லங்களிலும் திரை எரிகிறது. நம் பிள்ளைகளும் அதன் முன் அமர்கின்றனர். கயவனுக்குத் தாடியும் தொப்பியும் அணிவித்துக் காட்டும்போது நம் நெஞ்சு கொதிக்கிறது. கொதிப்பது நியாயமே. ஆனால் மற்றொரு கதையில், வேறொரு மொழி பேசுபவனோ, வேறொரு நிறத்தவனோ, சேரியில் வாழ்பவனோ வாரந்தோறும் கயவனாக வரும்போது, அதே நெஞ்சு அமைதியாகச் சாய்ந்து அமர்ந்து அடுத்த வெடியை எதிர்பார்க்கிறதா? ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை எள்ளி நகையாடலாகாது என்பது நமக்கு இடப்பட்ட ஒழுக்கம். அது நம்மைப் பிறர் எள்ளும்போது மட்டும் நினைவுக்கு வரும் ஒழுக்கமாக இருத்தலாகாது.

நியூயார்க் மறியலில் நின்ற பெயரறியாத் தாய்மார் கேட்டது சலுகையன்று. பள்ளிக்குச் செல்லும் பிள்ளை தன் தந்தையின் பெயரைத் தலைநிமிர்ந்து சொல்லவேண்டும் என்பதே. அக்கோரிக்கை வெல்லத் தகுதி பெறுவது இரண்டு நிலைகளில். நடந்த தீமையை நம்மவன் செய்திருந்தாலும் தீமையென்று நாமே முதலில் சொல்லவேண்டும். நடவாத தீமையை எவர் தலையில் கட்டினாலும், அவர் நம்மவர் அல்லராயினும், அது பொய்யென்று நாமே எழுந்து சொல்லவேண்டும். இவ்விரண்டு நாவும் உடைய சமுதாயத்தின் சொல்லுக்குப் புகையிலை நிறுவனத்தின் அச்சம் துணையாக வேண்டியதில்லை.

ஆகவே, இரவில் குடும்பத்தோடு அமர்ந்து இத்தகைய தொடரொன்றைக் காண நேர்ந்தால், கதை முடிந்தபின் விளக்கை அணைக்குமுன் பிள்ளைகளிடம் ஒன்று கேளுங்கள்: தீயவனாக வந்தவன் யார்? அவன் பெயரைத் தவிர அவன் தீயவன் என்பதற்கு வேறு என்ன காரணம் காட்டினார்கள்? பிள்ளை சொல்லும் விடையிலிருந்து அத்தொடரின் தரம் தெரிந்துவிடும். அதைப் பார்த்த நம் கண்ணின் தரமும் உடன் தெரியும்.